அத்தியாயம் 6: பள்ளத்துக் காலை நம்புங்கள்

குல்மார்கிலோ அவுலியிலோ பனிச்சறுக்கின் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு மதுரை திரும்பியவர்களுக்கான அத்தியாயம் இது. ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, வால்களை விரித்து, ஆப்பு வடிவில் வைத்து நிற்கத் தெரியும். மெல்லிய சரிவில் இடமும் வலமும் திரும்பத் தெரியும். ஆனால் சரிவு கொஞ்சம் செங்குத்தானதும் தொடை எரிகிறது, வேகம் பிடிபடவில்லை, திரும்பும்போது ஸ்கீ சறுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பயத்தில் உடம்பு பின்னாலும் மலைப் பக்கமாகவும் சாய்கிறது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றினால் மற்றவை பெரும்பாலும் தானே சரியாகும். அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் இதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

தொடங்குமுன் சில சொற்கள். மொட்டைமாடியில் தண்ணீரைக் கொட்டினால் கொத்தனார் வைத்த வாட்டத்தில் ஓடுமே, அதுபோல் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் நேராக ஓடக்கூடிய திசையை 'நீர்வாட்டம்' என்கிறேன். சரிவுக்குக் குறுக்காக நிற்கும்போது கீழ்ப் பக்கம் இருப்பது பள்ளத்துக் கால், மேல் பக்கம் இருப்பது மேட்டுக் கால். திரும்பும்போது வளைவின் வெளிப்புறம் இருப்பது வெளிக்கால். வலப்பக்கம் திரும்பினால் இடது கால்தான் வெளிக்கால். திருப்பம் முடிந்ததும் அதுவே பள்ளத்துக் கால் ஆகிவிடும்.

மதுரையில் எட்டு வாரம்

தல்லாகுளம் கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். பனி இங்கே கிடையாது. ஆனால் பனியில் உங்களைத் தாங்கப்போகும் தொடையையும் கணுக்காலையும் இங்கேயே தயார்செய்துவிடலாம். ஜனவரி இறுதியில் பயணம் என்றால் நவம்பர் கடைசியில் தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு நாள் போதும். மூட்டுவலியோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும்.

1. சுவரில் சாய்ந்து உட்காருதல். முதுகைச் சுவரில் ஒட்டி, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பதுபோல் உட்காருங்கள். முதல் வாரம் 30 விநாடி, மூன்று முறை. எட்டாவது வாரத்துக்குள் 90 விநாடியை எட்டப் பாருங்கள்.

2. ஒற்றைக் காலில் நிற்றல். செருப்பில்லாமல், முழங்காலை லேசாக மடக்கி, ஒரு நிமிடம். பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். மேகம் இறங்கிய நாளில் தரைக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது; அன்று கணுக்கால்தான் கண்.

3. கோடு தாண்டிக் குதித்தல். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மண்தரையாகப் பார்த்து ஒரு கோடு கிழியுங்கள். இரண்டு காலையும் சேர்த்து, கோட்டின் இப்பக்கமும் அப்பக்கமும் குதியுங்கள். 20 தடவை ஒரு சுற்று. நெஞ்சு ஒரே திசையைப் பார்த்திருக்க, கால்கள் மட்டும் பக்கம் மாற வேண்டும். சிமெண்ட் தரையில் செய்யாதீர்கள், மூட்டு போய்விடும்.

4. படி இறங்குதல். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

படி ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. பனிச்சறுக்கில் தொடை செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. அதனால்தான் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவரும் முதல் நாள் மாலையே விடுதி அறையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்.

கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரை படி இருக்கிறது. விடிந்ததும் அடிவாரத்துக்குப் போய்விடுங்கள். சாதாரணமாக ஏறுங்கள். இறங்கும்போதுதான் பயிற்சி: ஒவ்வொரு படியிலும் மேல் காலின் முழங்காலை மெதுவாக மடக்கி, மனத்துக்குள் மூன்று எண்ணியபடி கீழ்க்காலைத் தரையில் வையுங்கள். தொப்பென்று விழக் கூடாது. உடம்பு பின்னால் சாயாமல், மூக்கு பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் மலை, மற்ற நாட்களில் வீட்டு மாடிப்படி அல்லது மைதானத்து கேலரிப் படி. முதல் தடவை இரண்டு நாள் வலிக்கும். அந்த இரண்டு நாளும் ஓய்வு எடுங்கள்.

*கவனம்:* மழை பெய்த மறுநாள் பாறைப்படி வழுக்கும், போக வேண்டாம். ஏழரை மணிக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கும். அதற்குள் கீழே வந்துவிடுங்கள். அங்கிருக்கும் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டைத் தாண்டியவை. அவற்றின்மேல் காலை வைப்பதோ, பையைச் சாய்ப்பதோ கூடாது.

மூச்சுத் திறனுக்கு அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை மலைச்சாலையில் வேகமாக நடக்கலாம். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது. அதே சாலையில் இன்லைன் ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்கிப் பழகலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கூடவே கூடாது. வளைவுக்கு அப்பால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், தார்ச்சாலையில் பனிபோல் வழுக்கி நிற்கவும் முடியாது. ஸ்கேட் நல்ல பயிற்சிதான். தட்டையான, சுற்றி அடைத்த தளத்தில் செய்யுங்கள்.

பூட் சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை

வாடகைக் கடையில் எல்லோரும் ஸ்கீயைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். நேரத்தைச் செலவிட வேண்டியது பூட்டில்.

1. ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை போடுங்கள். இரண்டு போட்டால் குளிர் குறையாது, ரத்த ஓட்டம்தான் குறையும். பருத்திக் காலுறை வேர்வையில் நனைந்து காலை விறைக்க வைக்கும்.
2. பூட்டுக்குள் நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் அழுத்தினால் விரல் விடுபட வேண்டும்.
3. முன்னால் அழுத்தியபடியே குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் பூட் பெரிது. கொக்கிகளை இறுக்கிச் சமாளிக்காமல் சிறிய அளவு கேளுங்கள்.
4. பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நில்லுங்கள். கடையில் வலிக்கும் இடம் சரிவில் இன்னும் வலிக்கும்.

பைண்டிங் என்பது விழும்போது பூட்டை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் கருவி. உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், திறமை ஆகியவற்றை வைத்து அதன் இறுக்கத்தைக் கடைக்காரர் வைப்பார். எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள். சும்மா சும்மா கழல்கிறது என்று நீங்களே திருகி இறுக்குவது முழங்கால் தசைநாரைப் பணயம் வைப்பதாகும். ஸ்கீயின் உலோக விளிம்பில் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் பொடியாகச் சீவப்பட்டால் கூர் இருக்கிறது. வழுவழுவென்று போனால் தீட்டித் தரச் சொல்லுங்கள். தலைக்கவசம் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

முதல் பாடம்: நிற்பது

பனிக்குப் போன முதல் அரைமணி நேரம், ஏற்கெனவே தெரிந்த மெல்லிய சரிவில் இதை மட்டும் பாருங்கள்.

1. பாதங்கள் இடுப்பகலத்துக்கு விலகி இருக்கட்டும்.
2. முதலில் கணுக்காலை மடக்குங்கள், பிறகு முழங்கால், கடைசியில் இடுப்பு. முழங்காலை மட்டும் மடக்கினால் புட்டம் பின்னால் போய்விடும்.
3. முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு பூட்டின் நாக்கை எப்போதும் தொட்டு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.
4. இரண்டு கையும் முன்னால், முழங்கை விலாவை விட்டு விலகி. நேராகப் பார்க்கும்போதே இரண்டு கையுறையும் ஓரக்கண்ணில் தெரிய வேண்டும்.
5. பார்வை ஸ்கீயின் முனையில் இருக்கக் கூடாது; அடுத்த திருப்பம் எங்கேயோ அங்கே இருக்கட்டும்.

நிலை கெட்டதை உடம்பே சொல்லும். பூட்டுக்குள் கால்விரல்கள் சுருண்டு தரையைப் பற்றப் பார்த்தால் நீங்கள் பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். கெண்டைக்கால் பூட்டின் பின்சுவரில் இடித்தாலும், தொடை சீக்கிரம் எரிந்தாலும் அதே பொருள். மாலையில் பூட்டைக் கழற்றும்போது முன்னெலும்பின்மேல் தோல் லேசாகச் சிவந்திருந்தால் சரியாக நின்றிருக்கிறீர்கள்.

பயிற்றுநர்கள் பெரும்பாலும் இந்தியிலும் உருதுவிலும்தான் கத்துவார்கள். ஓடும்போது மொழிபெயர்க்க நேரம் இராது. ரயிலிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். 'ஆகே ஜுக்கோ': முன்னால் சாய். 'குட்னே மோடோ': முழங்காலை மடக்கு. 'ஹாத் ஆகே': கையை முன்னால் வை. 'நீச்சே தேக்கோ': கீழே, பள்ளத்தைப் பார். 'ருக்கோ': நில்.

இரண்டாம் பாடம்: பக்கவாட்டில் வழுக்குதல்

பலர் இதைத் தாண்டிக் குதித்து நேராகத் திருப்பத்துக்குப் போகிறார்கள். செங்குத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் உயிரோடு இறக்கிவிடுவது இந்த வித்தைதான்; விளிம்பின் பிடியைக் காலுக்குக் கற்றுத்தருவதும் இதுதான். ஒரு முழுக் காலைப்பொழுதை இதற்குக் கொடுங்கள்.

1. நீர்வாட்டத்துக்குக் குறுக்காக நில்லுங்கள். மேட்டு ஸ்கீ அரையடி முன்னால் இருக்கட்டும்.
2. எடையில் பெரும்பகுதியைப் பள்ளத்துக் காலில் வையுங்கள். நெஞ்சு லேசாகப் பள்ளத்தைப் பார்க்கட்டும்.
3. இப்போது ஸ்கீகளின் மேட்டுப் பக்க விளிம்புகள் பனியைப் பிடித்திருக்கும். கணுக்காலையும் முழங்காலையும் மிக மெதுவாகப் பள்ளத்தின் பக்கம் உருட்டுங்கள். பிடி தளரும், ஸ்கீ பக்கவாட்டில் இறங்கும்.
4. ஒரு மீட்டர் இறங்கியதும் முழங்காலை மறுபடி மேட்டின் பக்கம் உருட்டுங்கள். நிற்கும்.
5. இறங்கு, நில், இறங்கு, நில். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பி அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

*வழக்கமான பிழை ஒன்று:* பயந்து உடம்பை மலைப் பக்கம் சாய்ப்பது. எடை மேட்டுக் காலுக்குப் போய்விடும். பள்ளத்து ஸ்கீ பிடி இழந்து ஓடும். நீங்கள் இடுப்பில் விழுவீர்கள்.

*பிழை இரண்டு:* முழங்காலை அளவுக்கு மீறிப் பள்ளத்தின் பக்கம் உருட்டுவது. கீழ் விளிம்பு பனியில் சிக்கினால் உடம்பு பள்ளத்தின் பக்கம் தூக்கி வீசப்படும். ஸ்கீ தட்டையாவதற்கு ஒரு நூலளவு முன்பே நிறுத்துங்கள்.

மூன்றாம் பாடம்: ஆப்பிலிருந்து இணைக்கோட்டுக்கு

ஆப்பு நிலையில் வேகத்தைக் குறைப்பது தொடையின் பலம். இணைக்கோட்டில், அதாவது இரண்டு ஸ்கீயும் இணையாக இருக்கும்போது, வேகத்தைக் குறைப்பது திருப்பத்தின் வடிவம். ஸ்கீ நீர்வாட்டத்தைப் பார்க்கும்போது வேகம் கூடும், குறுக்காகத் திரும்பியதும் குறையும். திருப்பத்தை முழுதாக முடித்தாலே வேகம் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

1. சரிவுக்குக் குறுக்காக, இணைந்த ஸ்கீகளோடு மெதுவாகக் கிளம்புங்கள்.
2. சிறிய ஆப்பு போடுங்கள். அரையடி விரிந்தால் போதும்.
3. வெளிக்காலாக மாறப்போகும் காலின்மேல் எடையை ஏற்றுங்கள். வேறெதுவும் செய்யாமல் காத்திருங்கள். ஸ்கீ தானே வளையத் தொடங்கும்.
4. ஸ்கீ நீர்வாட்டத்தைத் தாண்டியதும் உள்கால் இலேசாகிவிடும். அதைத் தட்டையாக்கி வெளி ஸ்கீயோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.
5. சரிவுக்குக் குறுக்காக வரும்வரை, ஏன், முனை கொஞ்சம் மேட்டைப் பார்க்கும்வரை வளைந்துகொண்டே போங்கள். வேகம் தணியும். அப்புறம்தான் அடுத்த திருப்பம்.
6. இது படிந்ததும் உள்காலைச் சேர்க்கும் இடத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்: முதலில் நீர்வாட்டத்தைத் தாண்டி, பிறகு நீர்வாட்டத்திலேயே, பிறகு அதற்கும் முன்னால். ஒரு நாள் ஆப்பு போட மறந்துவிடுவீர்கள்.

மூன்றாவது படியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஸ்கீ நீர்வாட்டத்தைப் பார்க்கும் அந்த இரண்டு விநாடி பள்ளம் நேர் எதிரே தெரியும். உடம்பு பின்னால் போகத் துடிக்கும். போனால் ஸ்கீயின் முன்பகுதி இலேசாகிவிடும்; இலேசான முனை திரும்பாது; திரும்பாததால் வேகம் கூடும்; வேகம் கூடியதால் இன்னும் பின்னால் சாய்வீர்கள். இந்தச் சுழற்சியை உடைக்க வழி, அந்த இரண்டு விநாடியில் கையைப் பள்ளத்தை நோக்கி நீட்டி, முன்னெலும்பால் பூட்டின் நாக்கை அழுத்துவது. முடியவில்லையா? சரிவு உங்களுக்கு அதிகம். கூச்சப்படாமல் ஒரு படி மெல்லிய சரிவுக்குத் திரும்புங்கள். புதுப் பழக்கம் பயமில்லாத இடத்தில்தான் பிடிக்கும்.

எடை வெளிக்காலில் இருக்கிறதா என்று சோதிக்க இரண்டு வழிகள்:

- திருப்பத்தின் நடுவில் உள் ஸ்கீயின் வாலை மட்டும் பனியிலிருந்து ஓரங்குலம் தூக்குங்கள். முனை பனியிலேயே இருக்கட்டும். தூக்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது.
- வெளிப்பக்கக் கையால் வெளிப்பக்க முழங்காலின் ஓரத்தைத் தொட்டபடி திரும்புங்கள். மலைப் பக்கம் சாய்ந்துகொண்டு இதைச் செய்யவே முடியாது.

குல்மார்க் சரிவுகளில் வளர்ந்த ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்று ஜயண்ட் ஸ்லாலோமில் 45ஆம் இடம் பெற்றார். அந்த வகைப் போட்டிக் காட்சி எதையாவது மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் வெளிக்கால் ஏறக்குறைய நீட்டியிருக்கும், உள்கால் நெஞ்சை நோக்கி மடங்கியிருக்கும். அந்த வேகம் நமக்கு வேண்டாம். எந்தக் கால் தாங்குகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தடத்தைத் திரும்பிப் பாருங்கள்

பத்துத் திருப்பம் முடிந்ததும் ஓரமாக நின்று மேலே பாருங்கள். பனியில் உங்கள் தடம் இருக்கும். துடைப்பத்தால் பெருக்கியதுபோல் அகலமாக இருந்தால் ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் அது சரியே. அகலம் திருப்பத்தின் கடைசியில் மட்டும் திடீரென்று கூடினால், திருப்பத்தைத் தாமதமாகத் தொடங்கி முடிவில் தள்ளியிருக்கிறீர்கள். மூன்றாம் பாடத்தின் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். தடம் ஒரே சீரான அகலத்தில் வளைந்தால் அடுத்த சரிவுக்குப் போகலாம். மெல்லிய சரிவில் பாதத்தை உருட்டி மட்டும் திரும்பி, பின்னால் இரண்டு மெல்லிய கோடுகள் விழும்போது விளிம்பில் ஓடக் கற்றுவிட்டீர்கள்.

ஊன்றுகோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருப்பம் தொடங்கும் கணத்தில் பள்ளத்துக் கையின் மணிக்கட்டை மட்டும் அசைத்து, முனையால் பனியைத் தட்டுங்கள். தோளைச் சுழற்றி ஊன்றினால் உடம்பு முழுவதும் சுழன்றுவிடும்.

பனி மாறினால்

காலையில் இரவுக் குளிரில் இறுகிய பனி கிடைக்கும். அதில் விளிம்பை வெடுக்கென்று அழுத்தாமல் மெதுவாக அழுத்துங்கள். புதிதாகப் பெய்த ஆழமான பனியில் எடையை இரண்டு காலுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பகிருங்கள். ஒற்றைக் காலில் ஏற்றினால் அந்தக் கால் புதைந்துவிடும். 'புதுப் பனியில் பின்னால் சாய வேண்டும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். மார்ச் மாதப் பிற்பகலில் கூழாகிவிடும் பனி முழங்காலைத் திருகும். அன்றைய பயிற்சியைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

- முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். இது சர்வதேச விதி.
- நிற்பதென்றால் ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். மேட்டு முகட்டுக்குக் கீழே நிற்காதீர்கள்.
- விழுவது உறுதி என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கம் விழுங்கள். பின்னால் உட்கார்ந்தபடி எழ முயல்வதுதான் முழங்கால் தசைநார் கிழியும் வழி. சறுக்கல் முழுதாக நிற்கும்வரை எழாதீர்கள்.
- மரங்களுக்கிடையே போகும்போது ஊன்றுகோல் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.
- மதுரையிலிருந்து போன முதல் நாள் ஓய்வு எடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். குல்மார்க் கொண்டோலா ரோப்வேயின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே போகாதீர்கள், தொடர்ந்தால் இறங்குங்கள்.
- அபர்வத்தின் திறந்த சரிவுகள் இந்த அத்தியாயத்தின் வாசகருக்கு உரியவை அல்ல. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டியும், புதையுண்டவரைக் கண்டறியும் கருவியும், மண்வாரியும், துழாவும் கம்பியும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் காலையில் விசாரியுங்கள்.
- காலையில் நன்றாக வந்த திருப்பம் மாலையில் வரவில்லை என்றால் தொடை களைத்துவிட்டது. 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று மேலே போகாதீர்கள்.

எங்கே, எப்போது

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை நல்ல காலம். மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தி ரயில் இருக்கிறது. டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். பனி கொட்டிய நாளில் தங்மர்குக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும்; அதற்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள். குல்மார்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அவுலிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப்வே நிறுத்தப்பட்டது. அதன் நிலையை விசாரித்துவிட்டு, சாலைவழிப் பயணத்துக்கும் தயாராகக் கிளம்புங்கள்.

கடைசியாக, செலவைப் பற்றி. இரண்டாம் பயணத்துக்குப் பலர் புது ஜாக்கெட்டும் விலை உயர்ந்த கண்ணாடியும் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் தனிப் பயிற்றுநரை இரண்டு நாளைக்கு அமர்த்துங்கள். மூன்றாம் பாடத்தின் மூன்றாம் படியில் நீங்கள் பின்னால் சாய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து, அந்தக் கணத்திலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைப் புத்தகத்தால் செய்ய முடியாது.